காந்த ஆடியும் வானொலி அலையும்

அணுக்கரு இணைவினைக் கட்டுப்பாட்டுக்குள் கொணரும் முயற்சியின் வரலாறு பெரும்பாலும் பெரும்பொறிகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. அவ்வாறு நோக்கின், காந்த ஆடியின் கதை 1986ஆம் ஆண்டுடன் முடிந்ததாகவே தோன்றும். அயன்களை வானொலி அலைகளாற் சூடாக்கும் முறையின் வளர்ச்சியை ஆராய்வோர்க்கோ வேறொரு வரலாறு புலப்படும்.

1950களில் அமெரிக்காவில் றிச்சாட் போஸ்ற், சோவியத் ஒன்றியத்தில் கேர்ஷ் பூட்கர் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரே கருத்தினை எட்டினர். அயன்களும் இலத்திரன்களுமாகப் பிரிந்த பிளாஸ்மாவை, நடுவில் நலிந்தும் இரு முனைகளிலும் வலிமிக்கும் உள்ள காந்தப்புலத்தில் அடைக்கலாம் என்பதே அது. புலக்கோடுகளுக்குக் குறுக்காகச் சுழலும் துணிக்கைகள் முனைகளிலிருந்து திருப்பப்படும். கோடுகளின் வழியே விரைபவை தப்பியோடும். இக்கசிவே காந்த ஆடியின் பிறவிக் குறையாகும்.

வானொலி அலை இக்குறையின் மீதே தொழிற்படுகின்றது. 1 தெஸ்லா புலத்திற் புரோத்தன் ஒன்று செக்கனுக்கு ஏறக்குறைய 152 இலட்சம் தடவை சுழலும். ஏறத்தாழ 15 மெகாஹேர்ட்ஸ் ஆன இம்மீடிறன் சிற்றலை ஒலிபரப்புக்கு உரிய வீச்சினைச் சேர்ந்தது. அதற்கிசைந்த அலையைச் செலுத்தின், அயனின் குறுக்குச் சுழற்சிக்குரிய சத்தி மிகும். சூடேறுவதோடு அது முன்னையினும் உறுதியாகச் சிறைப்படும். பிரின்ஸ்ரனில் ஆய்வு நிகழ்த்திய தோமஸ் ஸ்ரிக்ஸ், வலிமிக்க புலத்தில் எழுப்பிய அலையை, புலம் படிப்படியாகக் குன்றும் 'காந்தக் கரையில்' அயன்கள் உறிஞ்சுமாறு செய்யும் வழியை வகுத்தார்.

எனினும் பெரும் ஆய்வுகூடங்கள் பிறிதொரு வழியை நாடின. லிவர்மோர் ஆய்வுகூடம் 1975இல் நடுநிலை அணுக்கற்றைகளைச் செலுத்தி, அயன்களை ஏறத்தாழ 10 கோடி பாகை வெப்பநிலைக்கு உயர்த்தியது. அவ்வெற்றியைத் தொடர்ந்து, 37 கோடி டொலர் செலவில் அங்கு அமைக்கப்பட்ட எம்.எஃப்.ரி.எஃப்-பி என்னும் பொறி 1986 பெப்ரவரி 21இல் நிறைவுற்றது. ஒரு பரிசோதனையேனும் நிகழுமுன், நிதிக் குறைப்பினால் அது மூடப்பட்டது.

வானொலி முறையோ பல்கலைக்கழகங்களில் வளர்ந்தது. 1961இல் மொஸ்கோவில் மிகைல் இயோஃபே கையாண்ட சிக்கலான சுருள்களால் அடக்கப்பட்டு வந்த பிளாஸ்மாத் தளம்பலை, வானொலி அலையாலும் அடக்கலாமென 1983இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தின் ஃபீட்றஸ் பொறி காட்டியது. ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்துக் காமா 10 பொறி, அயன்களைச் சூடாக்க இவ்வலையையே முதன்மையாக நம்பியது. 2024இல் விஸ்கொன்சினிலேயே, 17 தெஸ்லா வலிமையுள்ள மீகடத்திச் சுருள்களுடன், வாம் என்னும் புதிய காந்த ஆடி முதன்முறையாகப் பிளாஸ்மாவைத் தோற்றுவித்தது. அதன் திட்டத்தில் வானொலி அலைக்கும் இடமுண்டு.

வரவு செலவுக் கணக்கினால் ஒரு பொறியை ஒரே நாளில் நிறுத்திவிடலாம். அது எழுப்பிய வினாக்களை நாற்பதாண்டுக் காலம் அணையாது காத்தவை சிறிய ஆய்வுகூடங்களும் அவற்றிற் பயின்ற மாணவர் தலைமுறைகளுமே என்பது மனங்கொள்ளத்தக்கது.