இரும்பாரின் கல்யாணமும் விவாகரத்தும்: செங்குன்றம் முதல் கும்மிடிப்பூண்டி வரை

நம் சங்க மலரில் பழைய மாணவர்கள் கவிதை எழுதுவார்கள். இல்லாவிட்டால் ஹாஸ்டல் மெஸ்ஸைப் பற்றி எழுதுவார்கள். எனக்கு இரண்டுமே கைவராது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பன்னிரண்டு வருஷமாக இரும்போடு குடித்தனம் நடத்துகிறேன். அந்த ஒரே தகுதியில் அவருடைய குடும்ப வரலாற்றை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஜாதகம் முதலில். அணு எண் 26. உருகுநிலை 1538 டிகிரி செல்சியஸ். 770 டிகிரிக்கு மேல் சூடேறினால் காந்தத்தை யாரென்றே தெரியாது என்பார். எங்கள் யார்டில் பழைய இரும்பை அள்ளும் காந்தக் கிரேன், செக்கச்செவேல் என்று சிவந்த கம்பியிடம் அசடு வழியும். மற்றபடி இரும்பாருக்கு உள்ள ஒரே பலவீனம், தனியாக இருக்கத் தெரியாது. தங்கம் சந்நியாசி, மண்ணில் ஆயிரம் வருஷம் கிடந்தாலும் யாரோடும் சேராது. இரும்பாரோ ஆக்சிஜன் அம்மாளைப் பார்த்தால் அன்றைக்கே முகூர்த்தம் வைத்துவிடுவார். தண்ணீர்தான் தரகர். உப்பும் கூடிவிட்டால் தரகருக்கு மோட்டார் பைக் கிடைத்த மாதிரி. பழவேற்காட்டுக் காற்று அடிக்கும் எங்கள் பக்கத்தில் தினந்தோறும் சுபமுகூர்த்தம்தான். இந்தக் கல்யாணத்துக்குத்தான் துரு என்று பெயர். கல்யாணமானதும் ஆள் பெருத்துவிடுவார். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து, இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உப்பித் தூணையே பிளந்துவிடும்.

நம் மாவட்டத்தில் இந்தத் தம்பதி ரொம்பப் பழையவர்கள். செங்குன்றம் ஏன் சிவப்பு? அது முழுக்க இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து வாழும் மண். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட், நண்பர் வில்லியம் கிங்கோடு கொசஸ்தலை ஆற்றங்கரை அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அங்கே சாந்தி பப்பு குழுவினர் தோண்டி எடுத்தவற்றின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-ல் தெரியவந்தது. அத்தனை லட்சம் வருஷம் நம்மவர்கள் காலடியில் இரும்பை வைத்துக்கொண்டு கல்லைச் செதுக்கியிருக்கிறார்கள்! குறை சொல்ல முடியாது. அந்தத் தம்பதியைப் பிரிப்பது லேசான காரியமில்லை.

பிரிக்கத் தெரிந்த வக்கீல் கரி. உலையில் சூடேற்றினால் கரி ஆக்சிஜன் அம்மாளைக் கூட்டிக்கொண்டு புகையாகப் போய்விடும். இரும்பார் தனிமரமாக நிற்பார். இந்த வித்தை தமிழ்நாட்டில் எவ்வளவு பழையது? மயிலாடும்பாறைக்குக் கி.மு. 2172 என்று 2022-லும், சிவகளைக்குக் கி.மு. 3345 என்று 2025-லும் தமிழக அரசு அறிவித்தது. சிவகளைக் கணக்கைப் பற்றி அறிஞர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். விவாதிக்கட்டும். நம் நாட்டு உருக்கு லண்டன் வரை போய், 1819-ல் மைக்கேல் ஃபாரடே அதை ஆராய்ந்தார் என்பதில் விவாதமே இல்லை. கொல்லர் மகனாயிற்றே, கை சும்மா இருக்குமா?

இனிமேல்தான் என் கதாநாயகர் வருகிறார். ஜோசையா மார்ஷல் ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் உத்தியோகஸ்தர். நல்ல வேலையை விட்டுவிட்டு, 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையில் இரும்பாலை ஆரம்பித்தார். தாது சேலத்திலிருந்து, கரி காட்டிலிருந்து. கம்பெனி சர்க்கார் கடனும் கொடுத்தது. சரக்கு நயமான சரக்குதான். ஆனால் டன் இரும்புக்குப் பல டன் மரக்கரி வேண்டும். வெட்ட வெட்டக் காடு தூரமாகப் போனது, கடன் பக்கத்தில் வந்தது.

மனிதர் அசரவில்லை. ஷெஃபீல்டுக்குப் போய், உருக்கைக் காய்ச்சும்போது கொஞ்சம் மாங்கனீசுக் கார்பைடு போட்டால் மட்டமான இரும்பும் நல்ல உருக்காகிறது என்று கண்டுபிடித்து 1839-ல் காப்புரிமை வாங்கினார். மாங்கனீசு என்ன செய்கிறது? உருகிய குழம்பில் ஒளிந்திருக்கும் ஆக்சிஜனையும் கந்தகத்தையும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது. ஷெஃபீல்டில் உருக்கு விலையே சரிந்தது. ஆனால் ஹீத்தின் ஏஜண்டாக இருந்த அன்வின் ஒரு குயுக்தி செய்தார். மாங்கனீசு ஆக்சைடையும் கரிப்பொருளையும் தனித்தனியாக மூசையில் போட்டார். 'நான் கார்பைடு போடவே இல்லையே' என்றார். உள்ளே அவை சேர்ந்து கார்பைடாகத்தான் ஆகின்றன! 'நான் சாம்பார்ப்பொடி போடவில்லை. மிளகாய், மல்லி, பருப்பைத் தனித்தனியாகத்தான் போட்டேன்' என்கிற மாதிரி. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 1851-ல் ஹீத் நொடித்துப்போய் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கெமிஸ்ட்ரி தெரியாத நீதி என்று எனக்கு இன்னமும் ஆத்திரம்.

ஆனால் எங்கள் ஊருக்கு வந்து பாருங்கள். கும்மிடிப்பூண்டி இண்டக்‌ஷன் உலைகளில் பழைய கார், உடைந்த கப்பல், கிழிந்த தகரம் எல்லாம் 1600 டிகிரியில் குழம்பாகும்போது, ஊற்றுவதற்கு முன்னால் தொழிலாளி ஒருவர் சிலிக்கோ மாங்கனீசுக் கட்டிகளை மண்வெட்டியால் வாரிப் போடுவார். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருப்பார். ஹீத் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ராயல்டியும் யாரும் தருவதில்லை.

அந்தத் தொழிலாளியைப் பற்றித்தான் இன்பிளாண்ட் டிரெயினிங்குக்கு வரப்போகும் ஜூனியர்களிடம் ஒரு வார்த்தை. இரும்பார் உருகிய நிலையில் தமாஷ் பண்ணமாட்டார். மழையில் நனைந்த ஸ்கிராப்போ, மூடிய சிலிண்டரோ குழம்புக்குள் போனால், உள்ளே இருக்கும் தண்ணீர் நொடியில் ஆவியாகி ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். குழம்பு எகிறி அடிக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு ஓட நேரமிருக்காது. ஐப்பசி, கார்த்திகையில் யார்டு முழுக்க ஈரமாகத்தான் இருக்கும். ஸ்கிராப்பைக் கூரைக்கடியில் காயவைத்தாரா, மூடிய டப்பாக்களை வெட்டித் திறந்தாரா என்று சூப்பர்வைசரைக் கேளுங்கள். முறைப்பார். பரவாயில்லை, மறுநாளும் கேளுங்கள்.