வரதராஜ முதலியாரின் அறக்கணக்கு

வைணவ குருபரம்பரையைக் கற்றோர் திருமங்கை மன்னரின் வரலாற்றை நன்கறிவர். நாள்தோறும் அடியார் ஆயிரவர்க்கு அமுது படைப்பதை நோன்பாகக் கொண்ட அப்பெருமகனார், கைப்பொருள் கரைந்த பின்னர் வழிப்பறியில் இறங்கினார் என்பது அவ்வரலாறு. நம் முன்னோர் அவரைக் கள்வர் என்றும் கூறினர். ஆழ்வார் என்றும் வணங்கினர். ஆயினும், அவரிடம் பொருளைப் பறிகொடுத்த வழிப்போக்கர் எத்தனை பேர், அன்றிரவு அவர்தம் பிள்ளைகள் உண்டனரா என்னும் செய்தியை நான் கற்ற நூல்களில் காணேன். கணக்கெழுதிப் பிழைக்கும் என்போன்ற எழுத்தர்க்கு, ஏட்டில் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடப்பது உறுத்தலாகவே இருக்கும்.

இவ்வுறுத்தலோடுதான் இருபதாம் நூற்றாண்டில் வாழ்ந்த தமிழர் ஒருவரை ஈண்டு நோக்க முற்படுகிறேன். பம்பாயில் ‘வரதாபாய்’ என வழங்கப்பெற்ற வரதராஜ முதலியாரே அவர்.

அப்பெயரை நான் முதன்முதலிற் கேட்டது குமுளியில். தாராவியில் இருபதாண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்பிய முதியவர் ஒருவர், எங்கள் வீட்டிற்கருகே தேநீர்க் கடை வைத்திருந்தார். “அங்க எங்களுக்குக் கவர்மெண்டுன்னா அவருதான் தம்பி” என்பார். அதே மூச்சில் மற்றொன்றும் சொல்வார். அவருடைய உடன்பிறந்த இளவல் கள்ளச் சாராயம் குடித்தே மாண்டவர். ஈமச் செலவுக்குப் பணம் தந்தவர் அத்தெருவிற் சாராயம் விற்றவரே. முதியவர் இதனைக் குறையாகச் சொல்லவில்லை, நன்றியோடுதான் சொன்னார். பள்ளிச் சிறுவனாயிருந்த எனக்கு அன்று அதில் ஏதும் விளங்கவில்லை. இன்று எண்ணிப் பார்க்கையில், வரதாபாயைப் பற்றி எழுதப்பட்டவை அனைத்தினும் அம்முதியவரின் இரண்டு வாக்கியங்களே ஆழமானவையாகத் தோன்றுகின்றன.

மதுவிலக்கு தூய நோக்கில் பிறந்த சட்டம். வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கெனத் தனி அதிகாரமே வகுத்தார். காந்தியடிகள் அதனை நாட்டு விடுதலையோடு பிணைத்தார். இராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் தொடங்கி வைத்த மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று. பம்பாய் மாகாணத்தில் 1949-இல் சட்டம் இயற்றப்பெற்று, 1950 ஏப்ரல் முதல் முழு மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதன் பெருந்தூணாய் நின்றவர் மொரார்ஜி தேசாய்.

நோக்கம் தூயது, நடைமுறையோ இரண்டு கண்கொண்டு பார்த்தது. வசதியுள்ளவர் மருத்துவர் சான்று பெற்று, ‘பெர்மிட்’ என்னும் சீட்டோடு அயல்நாட்டு மதுவை அருந்தலாம். ஆலைத் தொழிலாளிக்கும் துறைமுகக் கூலிக்கும் அச்சீட்டு ஏது? அவர்களுக்கென வெல்லமும் அழுகிய பழமும் நவச்சாரமும் சேர்த்து ஊறல் போடப்பட்டது. தாராவியின் சேற்று நிலங்களிலும் ஆண்டாப் ஹில் பகுதியின் குடிசைகளுக்கிடையிலும் அடுப்புகள் எரிந்தன. லாரிச் சக்கரங்களின் ரப்பர்க் குழாய்களில் சாராயம் நகருக்குள் பயணம் செய்தது. வழியெங்கும் மாமூல் கொடுக்கப்பட்டது. சட்டம் ஒரு பொருளைத் தடை செய்தால் அதன் விலை ஏறும். ஏறிய விலையைப் பெற அஞ்சாதவன் எவனோ அவன் கைக்கு அவ்வாணிகம் போய்ச் சேரும்.

எல்லையில் வாழும் நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. தமிழ்நாடு 1991-இல் சாராயக் கடைகளை மூடியது. கேரளம் 1996 ஏப்ரலில்தான் மூடியது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் நம் சோதனைச் சாவடிக்கு ஒருபுறம் குற்றமாயிருந்தது மறுபுறம் உரிமம் பெற்ற தொழிலாயிருந்தது. ஒரே மனிதன் ஒரே மாலையில் சில நூறு அடி நடந்து வாடிக்கையாளனாகவும், திரும்பி நடந்து குற்றவாளியாகவும் மாறக் கூடிய விந்தை அது!

நிற்க. வரதராஜர் 1926-இல் தூத்துக்குடியில் பிறந்தவர். இளமையிலேயே பம்பாய் சென்று விக்டோரியா டெர்மினஸ் நிலையத்தில் சுமைதூக்கியாகப் பிழைத்தார். அந்நிலையத்தை ஒட்டியுள்ள பிஸ்மில்லா ஷா பாபா தர்காவில் ஏழையர்க்கு உணவளிக்கும் வழக்கத்தை அவர் மேற்கொண்டிருந்தார் என்பது பலரும் கூறுவது. சுமை தூக்கிய கைகள் பின்னர்த் துறைமுகச் சரக்கைக் களவாடுவோரோடு சேர்ந்தன. அங்கிருந்து கள்ளச் சாராயத்துக்கு நகர்ந்தன. 1960-களிலும் 70-களிலும் கரீம் லாலா, இராமநாதபுரம் பனைக்குளத்திற் பிறந்த ஹாஜி மஸ்தான் ஆகியோரோடு சேர்த்து எண்ணப்படும் மூவருள் ஒருவராக அவர் உயர்ந்தார்.

அவ்வுயர்வுக்குச் சாராயம் மட்டுமே காரணமன்று. 1966-இல் சிவசேனை தோன்றிற்று. எழுத்தர் பணியையும் தட்டச்சர் பணியையும் தென்னாட்டார் பறித்துக்கொண்டனர் என்னும் கூக்குரல் எழுந்தது. தமிழர்தம் உணவு விடுதிகள் தாக்கப்பட்டன. மாட்டுங்காவின் படித்த தமிழர்க்கே அந்நிலை என்றால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நம்பிவந்து தாராவிக் குடிசையில் ஒண்டியவர்க்கு யார் துணை? குடும்ப அட்டை வேண்டுமாயின் முகவரி கேட்டனர். முகவரிக்கு வீட்டுச் சான்று கேட்டனர். புறம்போக்கில் எழுந்த குடிசைக்குச் சான்று எங்ஙனம் கிடைக்கும்? குழாயில் நீர் வராது. கம்பத்தில் மின்சாரம் வராது. வரதராஜரோ அட்டை பெற்றுத் தந்தார். நீரும் மின்சாரமும் முறையின்றியேனும் வரச் செய்தார். கணவன் மனைவி பிணக்கு முதல் குடிசைத் தகராறு வரை அவர் முன்னே வழக்குரைக்கப்பட்டது. அன்றே தீர்ப்பும் கிடைத்தது. மாட்டுங்கா நிலையத்திற்கு வெளியே அவர் எடுத்த விநாயகர் விழாப் பந்தலைக் காண நகரமே திரண்டது. திரையுலகத்தாரும் வந்து வணங்கினர்.

அவர் வழங்கிய பொருள் எங்கிருந்து வந்தது? சாராயத்திலிருந்து, கடத்தலிலிருந்து, நில வளைப்பிலிருந்து, அச்சுறுத்திப் பெற்ற பணத்திலிருந்து வந்தது. சாராயத்தை வாங்கியவர் மலபார் ஹில் செல்வர் அல்லர், அதே குடிசைவாசிகள். வாரக் கூலியில் பெரும்பகுதி அடுப்படிக்கு வராமல் சாராயக் குடிலுக்குப் போயிற்று. அதில் ஒரு துளி அன்னதானமாகவும், பள்ளிக் கட்டணமாகவும், ஈமச் செலவாகவும் திரும்பி வந்தது. வாங்கியது ரூபாய், திரும்பியது காசு. எனினும் ரூபாய் போனபோது யாரும் பார்க்கவில்லை. காசு வந்தபோது ஊரே பார்த்தது. மணிமேகலையில் வரும் ஆபுத்திரனையும் ஊரார் கள்வன் என்று தூற்றினர். ஆனால் அவன் மதுரைத் தெருக்களில் ஓடேந்திப் பிச்சையெடுத்தே குருடர்க்கும் முடவர்க்கும் ஊட்டினான். எவர் வயிற்றிலும் அடித்து எவருக்கும் ஊட்டியவன் அல்லன்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடந்தபோது சிகாகோவின் அல் கபோன் செய்ததும் இதுவே. 1929 பிப்ரவரியில் எதிரணியைச் சேர்ந்த எழுவர் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட கொடுமையோடு அவன் பெயரை ஊர் பிணைத்துப் பேசியது. அடுத்த ஆண்டு, பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தோர்க்கு இலவசக் கஞ்சித் தொட்டி திறந்ததும் அவனே. அவனை வீழ்த்தியது துப்பாக்கியன்று. சூதாட்ட விடுதி ஒன்றின் பழைய கணக்கேட்டை வருமானவரித் துறையினர் புரட்டினர். அதிலிருந்த கையெழுத்து எந்தக் கணக்குப்பிள்ளையினுடையது என்று தேடிக் கண்டுபிடித்தனர். 1931-இல் வரி ஏய்ப்புக்காகப் பதினோராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. எழுத்தர் குலத்துக்கு வரலாற்றில் வாய்த்த பெருமைகளுள் இதனையும் ஒன்றாகக் கொள்ளலாம்!

வரதராஜரின் வீழ்ச்சி வேறு வகையினது. 1980-களில் காவல் துணை ஆணையர் ஒய். சி. பவார் அவருடைய ஆட்களையும் தொழிலையும் ஒவ்வொன்றாக ஒடுக்கினார். விநாயகர் பந்தல் சுருங்கிற்று. வரதராஜர் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1987 தீபாவளிக்கு, அவர் வாழ்வின் சாயலில் மணிரத்னம் இயக்கிய ‘நாயகன்’ வெளியாயிற்று. கமல்ஹாசனுக்கு அது தேசிய விருதைத் தந்தது. 1988 சனவரித் தொடக்கத்தில் வரதராஜர் சென்னையில் இறந்தார். தனி விமானம் அமர்த்தி உடலைப் பம்பாய்க்குக் கொண்டுசென்றவர் ஹாஜி மஸ்தான். கூட்டம் அலையெனத் திரண்டது. திரைப்படம் அவரைச் சாகாதவராக்கிற்று. தாராவியில் தோல் பதனிட்டும் மண்பாண்டம் வனைந்தும் இட்டிலி அவித்து விற்றும் பிள்ளைகளைப் படிக்க வைத்த பல்லாயிரவர் பெயரைச் சொல்லப் படம் இல்லை. வெளியூரார் தாராவித் தமிழன் என்றதும் முதலில் நினைப்பது வரதாபாயைத்தான். இதுவும் அவர் விட்டுச் சென்ற சொத்துகளுள் ஒன்று.

சாராயம் அவரோடு மாயவில்லை. மும்பை மால்வணியில் 2015 சூனில் நூற்றுக்கு மேற்பட்டோர் நச்சுச் சாராயத்தால் மாண்டனர். நம் மாநிலத்தில் கல்லுவாதுக்கல்லில் 2000-இல் முப்பத்தொருவர். கள்ளக்குறிச்சியில் 2024-இல் அறுபதுக்கு மேற்பட்டோர். இறந்தோருள் பெரும்பாலோர் கூலிகள்.

இத்தனையும் எழுதியபின், வரதராஜர் குற்றவாளி என்று தீர்ப்பெழுதிவிட்டு நான் எழுந்துவிடலாம். ஆனால் தேநீர்க் கடை முதியவரின் முதல் வாக்கியம் என்னை விடுவதாயில்லை. “கவர்மெண்டுன்னா அவருதான்.” அவ்வாறெனில், கவர்மெண்டாகிய நாங்கள் எங்கே இருந்தோம்?

சில ஆண்டுகட்கு முன் என் சாளரத்திற்கு ஏலத்தோட்டத் தொழிலாளியின் மனைவி ஒருவர் வந்தார். கணவர் இறந்தபின் வரவேண்டிய தொகைக்கான மனு அது. ஒரு சான்றில் கணவரின் முன்னெழுத்து தமிழ் வழக்கப்படி பெயருக்கு முன்னால் இருந்தது. மற்றொன்றில் கேரள வழக்கப்படி பின்னால் இருந்தது. இருவரும் ஒருவரே என்பது எனக்கு ஐயமறத் தெரியும். எனினும் விதி விதிதானே! “ரெண்டும் ஒண்ணா இருக்கணும் அம்மா, மாத்திட்டு வாங்க” என்றேன். எங்கே மாற்றுவது, எப்படி மாற்றுவது என்று சொன்னேனில்லை. மூன்று முறை திருப்பியனுப்பினேன். மூன்று நாள் கூலி அவருக்குப் போயிற்று.

நான்காம் முறை வெளியே நிற்கும் தரகர் ஒருவரோடு வந்தார். ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு அத்தரகர் உறுதிமொழிப் பத்திரம் ஒன்று எழுதி, சான்றுறுதி அலுவலரின் முத்திரையோடு தந்திருந்தார். வழியைச் சொல்லியிருந்தால் அந்த அம்மையார் தாமே சிறு செலவில் பெற்றிருக்கக்கூடிய தாள் அது. நான் நிமிராமலே குறிப்பெழுதி மேலிடத்திற்கு அனுப்பினேன்.

தொகை கிடைத்த அன்று அவர் அலுவலகத்திற்கு வந்திருந்தார். என் சாளரத்தைக் கடந்து வெளியே சென்று, வேப்பமரத்தடியில் நின்ற தரகரைக் கைகூப்பி வணங்கினார். “நீங்க நல்லா இருக்கணும் சார்” என்று சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.