மரத்துப் பேயும் ‘மாமூல்’ வழக்கமும்: மணிமேகலையின் அளவையியல்

மெய்யியலின் தொடக்கம் என்றவுடன் நம் பாடநூல்கள் கிரேக்கத் துறைமுக நகரமான மிலேட்டஸையும் அங்கு வாழ்ந்த தேலீஸையும் சுட்டுகின்றன. கி.மு. 6–5ஆம் நூற்றாண்டுகளில் கங்கைச் சமவெளியிலும் புத்தர், மகாவீரர், ஆசீவகரான மற்கலி கோசாலர் முதலியோர் வேதத்தின் அதிகாரத்தை ஏற்காமல் சிந்தித்தனர். அவ்விவாதம் காவிரியின் கழிமுகத்தையும் எட்டியது. பூம்புகாரின் பல்லவனீச்சரத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பௌத்த விகாரை அதற்குச் சான்று. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை அதன் இலக்கியப் பதிவு.

முப்பது காதைகள் கொண்ட அக்காப்பியத்தின் 27ஆம் காதையில், வைதிகர், ஆசீவகர், நிகண்டர், சாங்கியர், வைசேடிகர், பூதவாதி முதலிய சமயக் கணக்கரின் கொள்கைகளை மணிமேகலை கேட்டறிகிறாள். ஒன்றை உண்மையென அறிவது எவ்வாறு என்பதே அங்கு முதல் வினா. அறிவதற்கான வழிகள், அதாவது அளவைகள், பத்து என அளவைவாதி அடுக்குகிறான். அவற்றுள் ஒன்று ஐதிகம்: வழிவழியாகச் சொல்லப்படுவதால் ஒன்றை உண்மையென ஏற்பது. அதற்கு அவன் தரும் எடுத்துக்காட்டு, இம்மரத்தில் பேய் உண்டு என்னும் ஊர்ப்பேச்சு. 29ஆம் காதையில் அறவண அடிகள் கற்பிக்கும் பௌத்த அளவைகளோ இரண்டே: காட்சியும் கருத்தளவையும். வழிவழிச் சொல் தனித்து நின்று எதையும் நிறுவாது.

இதன் சமூகப் பொருளை 13ஆம் காதையின் ஆபுத்திரன் கதை விளக்குகிறது. வேள்விப் பசுவை மீட்ட அவனது வாதத்துக்கு விடை கூறாத அந்தணர், அவனது பிறப்பை இழித்துரைக்கின்றனர். உங்கள் முனிவர்களின் பிறப்பு எத்தகையது என்று அவன் திருப்பிக் கேட்கிறான்.

பட்டுக்கோட்டை உள்ளிட்ட டெல்டாப் பகுதியில் குளத்துக்கோ சுடுகாட்டுப் பாதைக்கோ தலித் மக்கள் உரிமை கோரும்போது, ‘காலங்காலமாக இப்படித்தான், இதுவே மாமூல்’ என்னும் விடையை நாங்கள் இன்றும் எதிர்கொள்கிறோம். அது ஐதிகமன்றி வேறன்று. 1927ஆம் ஆண்டு மகாத் சவுதார் குளப் போராட்டத்தையொட்டி அண்ணல் அம்பேத்கர் முதலியோர் மீது தொடுக்கப்பட்ட வழக்கில், தொன்றுதொட்ட வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அன்று வழக்கத்துக்குச் சான்று கேட்கப்பட்டது. இன்று சான்று இருந்தாலும் அவ்வழக்கம் செல்லாது: அரசமைப்பின் 13ஆம் உறுப்பு, சட்டவலிமை கொண்ட வழக்கமும் அடிப்படை உரிமைக்கு முரணாயின் செல்லாதெனக் கூறுகிறது. 15(2) உறுப்பு பொதுக் கிணறு, குளங்களில் சாதியின் பெயரால் தடை விதிப்பதை விலக்குகிறது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழிக்கிறது.

1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிய அயோத்திதாச பண்டிதர், தமிழ் இலக்கியங்களைப் பௌத்த நோக்கில் மறுவாசிப்புச் செய்தார். அம்மரபை நாம் தொடர வேண்டிய காரணம் பழம்பெருமை அன்று. ‘வழக்கம்’ என்று ஊரோ அலுவலரோ சொல்லும் இடத்தில் ‘எந்த அளவையால் அறிந்தீர்?’ என்று கேட்கும் துணிவு, இம்மண்ணில் ஆயிரமாண்டுகளுக்கும் முன்பே தமிழில் எழுதப்பட்டுவிட்டது.