சிசுக்களைக் காத்த தாதியர்

குறைமாதச் சிசுவைக் காப்பது கண்ணாடிப் பெட்டிதான் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். வரலாறோ தாதியின் கைகளையும் காட்டுகிறது.

அமெரிக்காவில், சிக்காகோ நகரின் சாரா மோரிஸ் மருத்துவமனையில், 1922-ஆம் ஆண்டு மருத்துவர் ஜூலியஸ் ஹெஸ் இத்தகைய சிசுக்களுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். மின்சாரத்தால் சூடாகும் தொட்டிலையும் அவரே அமைத்திருந்தார். 1924-இல் எவலின் லுண்டீன் என்னும் தாதி அங்கே தலைமைப் பொறுப்பேற்றார். கை கழுவுவதில் கடுங்கண்டிப்பு. உறிஞ்ச வலுவற்ற சிசுவுக்குத் தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாகவும், மெல்லிய குழாய் வழியாகவும் புகட்டும் பொறுமை. உடலின் நிறம் சற்றே நீலம் பாய்ந்தாலும் உடனே கண்டுகொள்ளும் விழிப்பு. இவற்றையே அவர் தம் தாதியருக்குப் பழக்கினார். நள்ளிரவில் தொட்டிலருகே நிற்பவர் தாதிதானே! ஹெஸ்ஸும் இதை உணர்ந்திருந்தார். 1941-இல் வெளிவந்த குறைமாதச் சிசு பராமரிப்பு நூலில் அவர் பெயரோடு லுண்டீன் பெயரும் ஆசிரியராக அச்சாயிற்று.