சபைக் கணக்கில் நம் பெயர்



காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சாலை கிடையாது. சேந்தமங்கலம் பக்கத்திலிருந்து நடந்துதான் ஏற வேண்டும். ஏற முடியாதவரை டோலியில் வைத்துத் தூக்க வேண்டும். தூக்கியவர்கள் யார், அவர்களுக்குக் கூலி எந்தப் பணத்திலிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே இந்த உரையைத் தொடங்குகிறோம். ஒரு கிராமச் சபையின் ஒரு வருட வேலையும் அதன் வரவு செலவும்தான் இன்றைக்கு நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். சபை வரலாறு என்றால் பிஷப்புகளின் வரலாறு, கோபுரங்களின் வரலாறு என்று படித்துப் பழகிவிட்டோம். கணக்கு நோட்டை யாரும் வரலாறாகப் பார்ப்பதில்லை.

இந்த மலையிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர் 1907இல் இந்தியாவுக்கு வந்தார். கட்டுமானத் தொழில் தெரிந்தவர். மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி பெற்றிருந்தார். லண்டன் வணிகர் குடும்பத்துப் பெண்ணான எவலினை 1913இல் மணந்து இருவருமாக மலையேறினார்கள். வாழவந்தி நாட்டில் குடியிருந்தார்கள். வீட்டுக்கான மரங்களைச் சமவெளியிலேயே அறுத்துத் தயாரித்து, தலைச்சுமையாக மேலே கொண்டுவந்து பூட்டினார்கள். அந்த வீட்டைப் பற்றி எழுதியவர்கள் பிராண்டின் உழைப்பை நிறைய எழுதியிருக்கிறார்கள். சுமந்தவர்கள் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிப்போனார்கள்.

பிராண்ட் தம்பதியர் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷன் என்ற சிறிய அமைப்பைச் சேர்ந்தவர்கள். அவர்களுக்கு பிஷப் கிடையாது, திருமண்டலம் கிடையாது. இங்கிலாந்தில் உள்ள சின்னச் சின்னச் சபைகள் அனுப்பிய பணத்தில்தான் மலை வேலை நடந்தது. மருந்து கொடுத்தார்கள், நரம்புச் சிலந்திப் புழுவை உருவி எடுத்தார்கள், பல் பிடுங்கினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள், தச்சு வேலை கற்றுக்கொடுத்தார்கள், மல்பெரி வளர்த்தார்கள். பல ஆண்டுகள் ஒருவரும் மதம் மாறவில்லை. முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் வந்த கொள்ளைக் காய்ச்சலில், அதுவரை அவர்களை எதிர்த்துவந்த பூசாரி படுத்தார். கிட்டே போய்ப் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள் இருவர்தான். சாகும் முன் தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அந்தக் குழந்தைக்கு ரூத் என்று பெயர் வைத்தார்கள். மலையில் சபை என்று ஒன்று உண்டானது அதற்குப் பிறகுதான்.

ஜெஸ்ஸி பிராண்ட் 1929 ஜூனில் மலேரியா முற்றிய கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். எவலின் ஓய்வு பெறும் வயதைத் தாண்டிய பிறகு, மிஷன் தயங்கியும் கேட்காமல், மறுபடி இந்த மலைக்கே வந்தார். கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று குதிரையிலும், விழுந்து எலும்பு முறிந்த பிறகு இரண்டு மூங்கில் கோல்களை ஊன்றியும் சுற்றினார். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். 1914இல் பிறந்த இவர்களுடைய மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவை செய்தவர்.

இந்த மலையின் சபைக் கணக்கில் பணம் வெளியிலிருந்து உள்ளே வந்தது. கொடுத்தவர் கண்காணாத தேசத்தில் இருந்தார். வாங்கியவர் கணக்குக் கேட்கும் நிலையில் இல்லை. சமவெளியின் ஆங்கிலிக்கன் சேகரத்தில் கதை வேறு. அங்கே பணம் கீழிருந்து மேலே போனது. அதைத்தான் நாம் உற்றுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் கீழ்த்தட்டில் நாம் இருக்கிறோம்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சேகரம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். சேகரம் என்றால் ஒரு குருவானவர், அவருக்குக் கீழே பல ஊர்ச் சபைகள், ஊருக்கு ஊர் உபதேசியார் அல்லது சபை ஊழியர், கோயில் பெருக்கி மணியடிக்க கோயில்குட்டி. அதன் வருடம் பஞ்சாங்கத்தோடும் ஓடும், வேளாண்மையோடும் ஓடும். வருடப் பிறப்பு நள்ளிரவு ஆராதனைக் காணிக்கை. லெந்து நாட்களில் சேர்த்து உயிர்த்தெழுந்த பண்டிகையில் கொண்டுவரும் உண்டியல். பிரதிஷ்டைப் பண்டிகையும் அசனமும். அறுவடை முடிந்தால் அறுப்பின் பண்டிகை. டிசம்பரில் இரவெல்லாம் வீடு வீடாகப் பாடிப் போகும் கீத ஊர்வலம். இடையிடையே கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம், பிள்ளை பாஸானதற்கு ஸ்தோத்திரக் காணிக்கை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் மாதாமாதம் ஓடுவது சங்கம். குடும்பத் தலைவர் பெயரில் நோட்டில் ஒரு வரி, அதற்கு எதிரே பன்னிரண்டு கட்டம்.

அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் ருசி தெரியும். வாழைத்தார், பூசணிக்காய், சேவல், வெள்ளாட்டுக் குட்டி, முதல் தென்னம்பிள்ளையில் காய்த்த முதல் காய். ஒரு முட்டையை ஏலம் விட்டு, எடுத்தவர் திரும்பக் கோயிலுக்கே கொடுத்து, மறுபடி ஏலம் விட்டு, அந்த ஒரு முட்டை ஒரு கோழியின் விலையைத் தாண்டிப் போகும். சந்தோஷமான நேரம்தான். யார் முட்டையைக் கொண்டுவந்தார்கள், யார் ஏலத்தில் எடுத்தார்கள் என்று கவனித்தால் இன்னொன்றும் தெரியும். கொண்டுவந்த கை பெரும்பாலும் கூலிக்காரப் பெண்ணுடையது. ஏல நோட்டில் எழுதப்படும் பெயர் எடுத்தவருடையது. கொண்டுவந்தவருக்கு நோட்டில் இடமில்லை.

பிடியரிசியும் அப்படித்தான். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவருவது. கூலியே நெல்லாகவும் கேழ்வரகாகவும் கிடைத்த காலத்தில், காசைக் கண்ணால் பார்க்காத வீடுகளும் சபையைத் தாங்கியது இப்படித்தான். பச்சரிசி, புழுங்கல், குருணை, இன்றைக்கு ரேஷன் அரிசி, எல்லாம் ஒரே சாக்கில் கலந்துவிடும். கலந்த அரிசிக்குக் கடையில் விலை கிடைக்காது. உபதேசியார் வீட்டு அடுப்புக்குத்தான் போகும். ஆக, ஊழியரின் சம்பளத்தில் ஒரு பங்கைச் சேரிப் பெண்கள் தங்கள் வயிற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். சங்க ரசீது மட்டும் வீட்டு ஆம்பளை பெயரில். தலித் இயக்கத்துக்குள்ளேயே பெண் உழைப்பைப் பற்றிப் பேசும்போது இந்தக் கலயத்தை மறக்கக் கூடாது என்பது நம் எண்ணம்.

இந்த ஏற்பாடு தானாக வந்ததல்ல. சி.எம்.எஸ். என்ற ஆங்கிலிக்கன் மிஷனரி சங்கத்துக்கு 1841 முதல் 1872 வரை செயலாளராக இருந்த ஹென்றி வென், உள்ளூர்ச் சபை தன்னைத்தானே தாங்க வேண்டும், ஆள வேண்டும், பரப்ப வேண்டும் என்று வகுத்தார். லண்டன் பணம் படிப்படியாகக் குறைய வேண்டும், சபையார் பணம் ஏற வேண்டும். காலனி ஆட்சியின் நடுவே சுதேசிக் குருமாரின் கையில் சபையைக் கொடுக்கச் சொன்ன யோசனை அது. அதன் நேர்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் தாங்குவதற்கு முதுகில் சதை வேண்டும். பனையும் கருப்பட்டியும் பிறகு வியாபாரமும் கையில் இருந்த நாடார் சபைகள் ஏறி வந்தன. அவர்களும் மேல்சாதியாரிடம் பட்ட அடி கொஞ்சமல்ல. தோள்சீலைக்காகத் தெருவில் அடிபட்டவர்கள். ஆனாலும் அவர்களிடம் ஏறுவதற்குப் பனைமரம் இருந்தது. பண்ணையாளாக இருந்த பறையர், பள்ளர், சக்கிலியர் சபைகளுக்கு ஏற எதுவும் இல்லை. தாங்க முடிந்த சபைக்குத் தனிக் குருவானவர், தாங்க முடியாத சபை பத்தோடு பதினொன்று. மாதத்துக்கு ஒரு முறை நற்கருணை கிடைத்தால் பாக்கியம். சாதியைச் சொல்லாமலே சாதியை வரிசைப்படுத்தும் வழியாகப் பணக்கணக்கு ஆனது இப்படித்தான். இதை யாரும் திட்டமிட்டார்கள் என்று சொல்ல மாட்டோம். திட்டமிடாமல் நடப்பதுதான் சாதியின் பலம்.

இதற்கு முந்தின கட்டத்தில் கணக்கு வேறு மாதிரி எழுதப்பட்டது. 1799இல் முதலூர் உண்டானது, அடிபட்டு விரட்டப்பட்ட புதுக் கிறிஸ்தவர்கள் தங்குவதற்கு நிலம் வாங்கித்தான். ரேனியஸ் 1830இல் தர்ம சங்கத்தைத் தொடங்கியதும் அதற்காகவே. நிலத்துக்காரன் குடிசையைப் பிரித்துப் போட்டால் போய் நிற்க ஓரிடம். அன்றைய சபைச் செலவில் முதல் இனம் நிலம். அதே நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் பறையர்களின் நிலமின்மையைப் பற்றி அறிக்கை எழுதியதும், அதையொட்டி 1892இல் பஞ்சமி நில ஆணை வந்ததும் நமக்குத் தெரிந்த வரலாறு. அந்த நேரத்தில் கௌடி, ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகள் நிலக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அவர்கள் இருவரும் ஆங்கிலிக்கன் அல்லர் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். பின்னர் மெல்ல மெல்லச் சபைச் செலவில் நிலம் பின்னால் போய், கட்டடம் முன்னால் வந்தது. மெய்ஞ்ஞானபுரத்தின் 192 அடிக் கோபுரம் அழகுதான். நாமும் நின்று அண்ணாந்து பார்த்திருக்கிறோம்.

மாற்று முயற்சி ஒன்று தோர்ணக்கல்லில் நடந்தது. திருநெல்வேலியின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த அசரியா, 1912 டிசம்பரில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப் ஆனார். தெலுங்கு நாட்டில் அவருடைய மக்கள் பெரும்பாலும் மாலா, மாதிகா. அவரும் கொடுத்தலைப் பற்றி ஓயாமல் பேசினார், அதைப் பற்றிப் புத்தகமே எழுதினார். பிடியரிசி, கோழி, முட்டை, தானியம் எல்லாவற்றையும் காணிக்கையாக எடுத்துக்கொண்டார். ஏழையிடம் கேட்காமல் இருப்பது அவனை இரப்பவனாகவே வைத்திருப்பது என்பது அவர் வாதத்தின் சாரம். நம்மில் பலருக்கு இதில் முரண்பாடு உண்டு. பாதி வயிற்றுக்காரனிடம் பத்தில் ஒரு பங்கு கேட்கலாமா? ஆனால் கொடுத்தவன்தான் கேள்வி கேட்பான் என்பதையும் தள்ளிவிட முடியவில்லை. நம் இயக்கங்களும் ஊர்ச் சந்தாவில் நடந்த காலத்தில் ஒரு மாதிரியும், திட்டப் பணத்தில் நடந்த காலத்தில் வேறு மாதிரியும் இருந்ததைப் பார்த்தவர்கள் இந்த அவையில் இருக்கிறார்கள்.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஆங்கிலிக்கன் சேகரங்கள் அதற்குள் வந்தன. சங்க நோட்டு அப்படியே தொடர்ந்தது. மூன்று ஆண்டுக்குள் அந்த நோட்டுக்குப் புதிதாக ஒரு பயங்கரம் சேர்ந்தது.

1950 ஆகஸ்ட் 10 தேதியிட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்படமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் வழி திறந்தது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கவில்லை. பழங்குடிப் பட்டியலுக்கு இப்படியொரு மத நிபந்தனை கிடையாது. இதன் பொருளை இந்த மலையில் நின்று யோசித்துப் பாருங்கள். வாழவந்தி நாட்டில் ஞானஸ்நானம் பெற்ற மலையாளிப் பழங்குடி குடும்பம் ஞானஸ்நானத்தால் பட்டியலிலிருந்து நீங்காது. சபை நோட்டில் தன் பெயரைத் தைரியமாக எழுதலாம். மலையிறங்கி சமவெளிச் சேரிக்குப் போனால், அதே ஞானஸ்நானம் பெற்ற பறையர் குடும்பம் பட்டியலுக்கு வெளியே போய், தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் வரிசையில் நிற்கும். தண்ணீர்க் குழாயில் அவளைத் தள்ளி நிற்கச் சொல்பவன் அவளுடைய ஞானஸ்நானச் சான்றைப் பார்ப்பதில்லை. தாசில்தார் அலுவலகம் பார்க்கிறது.

இப்போது சங்க நோட்டுக்குத் திரும்புவோம். ‘ஐயா, எங்க பேரை எழுதாதீங்க, பிள்ளைக்கு சர்டிபிகேட் வாங்கணும்’ என்று குருவானவரிடம் சொல்லும் குடும்பங்கள் எல்லா மாவட்டத்திலும் உண்டு. ஞாயிறு தவறாமல் வருவார்கள், பிடியரிசி கொடுப்பார்கள், அசனத்துக்குக் காய் நறுக்குவார்கள். நோட்டில் பெயர் இருக்காது. நோட்டில் பெயர் இல்லாதவருக்கு, சங்கம் கட்டாதவருக்கு, சபைத் தேர்தலில் வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவர் சேகரக் கமிட்டிக்குப் போக முடியாது. பள்ளி வேலை, விடுதி இடம், நிலக் குத்தகை பற்றி முடிவெடுக்கும் மேசையில் உட்கார முடியாது. பெயர் எழுதினால் சான்றிதழ் போகும், எழுதாவிட்டால் வாக்குப் போகும். பிறகு அதே நோட்டைக் காட்டி, ‘உங்க ஜனங்க என்ன கொடுத்திருக்காங்க?’ என்று கேட்பார்கள்.

நம்மில் ஒருவர் குடும்பத்தில் நடந்தது இது. பாட்டி இறந்த அன்று அடக்கத்துக்கு அனுமதி கேட்கப் போனால், சங்கப் பாக்கி இத்தனை என்று நோட்டைப் புரட்டினார்கள். ஊர்க்காரர் நாலு பேர் சட்டைப் பையைத் துழாவிச் சேர்த்துக் கட்டிய பிறகுதான் மணி அடித்தது. அந்தப் பாட்டி ஐம்பது வருடத்துக்கு மேல் ஒவ்வொரு உலைக்கும் ஒரு பிடி எடுத்து வைத்தவர். அதை எடைபோட்டு எழுதிய நோட்டு எந்த அலமாரியிலும் இல்லை.

மாணவர்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். உங்கள் ஊர்க் கோயிலின் பின்னறை அலமாரியில் ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு, சங்க நோட்டு, ஏல நோட்டு, சேகரக் கமிட்டி மினிட்ஸ் இருக்கும். கரையான் அரித்தது போக மிஞ்சியதைப் படியுங்கள். பெயருக்குப் பக்கத்தில் தொழில் என்ன எழுதியிருக்கிறது, எந்த ஆண்டிலிருந்து எந்தத் தெருக்காரர்கள் பெயர் நோட்டிலிருந்து காணாமல் போகிறது என்று குறியுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயரை மட்டும் நகலெடுக்காதீர்கள், வெளியே காட்டாதீர்கள். யாருடைய சான்றிதழுக்கு எப்போது மனு போகும் என்று தெரியாது. பதிவேட்டில் இல்லாததை வயதான பெண்களிடம் கேட்டு எழுதுங்கள். கலயம் எந்த மூலையில் இருந்தது, வாரத்துக்கு எத்தனை படி வந்தது, பஞ்ச காலத்தில் நிறுத்தினார்களா என்று கேளுங்கள். சாயந்திரம் நேரம் இருப்பவர்கள் வாழவந்தி நாட்டுக்குப் போய் அந்த இரண்டு கல்லறைகளையும் பார்த்துவிட்டு வரலாம். வீட்டு மரத்தைச் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் யாராவது சுற்றுப்பட்டில் இருக்கிறார்களா என்றும் விசாரித்து வாருங்கள்.