எவரும் பார்க்காத கம்பிகள்

'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்றொரு பழமொழி நம்மிடம் உண்டு. சுவடிகளில் பாடபேதம் தேடிப் பழகியவர்கள் இந்தப் பழமொழியை அவ்வளவு எளிதாக ஏற்கமாட்டார்கள். மங்கிய விளக்கு, சிதைந்த மூல ஏடு, சோர்ந்த கண், ஒப்புநோக்க ஆளில்லாமை என ஒரு பிழைக்குப் பின்னால் பலவும் நிற்கும். விமான விபத்து விசாரணை அறிக்கைகளைச் சில ஆண்டுகளாக நான் வாசித்து வருவதற்கும் இதுவே காரணம். பிழை எந்தக் கையில் தொடங்கியது, எத்தனை கண்களைத் தாண்டி வந்தது என்பதே அங்கும் கேள்வி. ஏட்டில் ஒரு சொல் கெடும். இங்கே உயிர்கள் போகும்.

1996 ஜூலை 17 இரவு, நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திலிருந்து பாரிஸ் நோக்கிப் புறப்பட்ட டி.டபிள்யூ.ஏ. 800 என்னும் போயிங் 747, பன்னிரண்டே நிமிடங்களில் லாங் ஐலண்ட் கடற்கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறியது. 230 பேர் மாண்டனர். வெடிகுண்டு என்றனர் சிலர். ஏவுகணை என்றனர் வேறு சிலர். கடலடியிலிருந்து மீட்ட துண்டுகளை விசாரணையாளர்கள் ஒரு பெருங்கொட்டகையில் மீண்டும் விமான உருவில் பொருத்திப் பார்த்தனர். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2000 ஆகஸ்டில் தன் முடிவை அறிவித்தது. நடு எரிபொருள் தொட்டியில் திரண்டிருந்த ஆவி தீப்பற்றியதே வெடிப்புக்குக் காரணம். தீப்பொறியின் மூலத்தை ஐயமற நிறுவ இயலவில்லை. தொட்டிக்கு வெளியே நேர்ந்த ஷார்ட் சர்க்யூட்டினால், எரிபொருள் அளவு காட்டும் கருவியின் கம்பி வழியே மிகை மின்னழுத்தம் உள்ளே பாய்ந்திருக்கலாம் என்பதே பெரிதும் பொருந்திய விளக்கம்.

அந்த விமானத்திற்கு வயது இருபத்தைந்து. விசாரணையாளர்கள் வேறு பல விமானங்களின் கம்பிக் கற்றைகளையும் திறந்து பார்த்தனர். உலோகத் துருவல்கள், பஞ்சுத் தூசி, கசிந்த திரவங்கள், காப்புறை பிய்ந்த கம்பிகள் ஆகியவற்றைக் கண்டனர். இவற்றை எவரும் தீய நோக்கத்துடன் அங்கே இடவில்லை. தகடு ஒன்றைப் பழுதுபார்க்க வந்த தொழிலாளி துளையிடுகிறார். துருவல் கீழுள்ள கற்றையில் உதிர்கிறது. தகடு அவருடைய வேலை. கம்பி அவருடைய வேலையன்று. விமானத்தின் அதிர்வில் அத்துருவல் ஆண்டுக்கணக்கில் காப்புறையை அராவிக்கொண்டிருக்கும். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் ஆயுட்காலமும் ஆய்வு முறையும் வகுத்தவர்கள், கம்பியை மட்டும் பொருத்திவிட்டு மறந்துவிடலாம் என்றே நெடுங்காலம் நினைத்திருந்தார்கள்.

இரண்டாண்டுகள் கழித்து, 1998 செப்டம்பர் 2 அன்று, அதே கென்னடி நிலையத்திலிருந்து ஜெனீவாவுக்குக் கிளம்பியது சுவிஸ் ஏர் 111. விமானி அறையில் புகை வாடை வந்து இருபது நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில், கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பெக்கீஸ் கோவ் அருகே அது கடலில் வீழ்ந்தது. 229 பேர் மாண்டனர். கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2003 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, விமானி அறைக் கூரைக்கு மேல் கம்பியில் எழுந்த மின்பொறி, பக்கத்திலிருந்த காப்புப் போர்வையின் மேலுறையைப் பற்றவைத்தது. பயணிகளின் பொழுதுபோக்குக் கருவிகளுக்காகப் பின்னாளில் சேர்த்த கம்பியொன்றும் அப்பொறியில் சம்பந்தப்பட்டிருந்தது. என்னை உலுக்கியது வேறொன்று. அந்த மேலுறை அந்நாளைய தீச்சோதனையில் தேறியது. கருவிகள் உரிய அனுமதியுடன்தான் பொருத்தப்பட்டன. மின்தடுப்பான்கள் விதிப்படியானவை; ஆனால் இவ்வகைப் பொறியை உணரும் திறன் அவற்றுக்கு இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு சான்றிதழ் இருந்தது.

மூன்றாவது நிகழ்வில் உயிர்ச்சேதம் இல்லை. 2001 மார்ச் 20 அன்று பிராங்பர்ட்டில் லுஃப்தான்சாவின் ஏர்பஸ் ஏ320 ஒன்று, பராமரிப்பு முடிந்து புறப்பட்டது. தரையை விட்டு எழுந்ததும் அது இடப்பக்கம் சாய்ந்தது. தலைமை விமானி கட்டுப்பாட்டுக் கோலை வலப்பக்கம் தள்ளினார். விமானம் மேலும் இடப்பக்கம் சாய்ந்தது. இறக்கை முனை தரையிலிருந்து அரை மீட்டர் அளவுக்கு நெருங்கிவிட்டது. துணை விமானி தம் கோலால் கட்டுப்பாட்டை ஏற்று நிமிர்த்தினார். இணைப்பி ஒன்றைப் பழுதுபார்த்தபோது கம்பிகள் இடம் மாறியிருந்தன. பழுதுபார்த்தபின் நடந்த சோதனையில் அது வெளிப்படவில்லை. புறப்படுமுன் நடந்த சோதனையிலும் இறக்கைப் பலகைகள் அசைகின்றனவா என்று பார்த்தார்களேயன்றி, எந்தத் திசையில் அசைகின்றன என்பது கருத்தில் படவில்லை. மாற்றி இணைத்தவர் ஒருவர். பார்த்தும் காணாமல் விட்டவர்கள் பலர்.

'மனிதக் காரணிகள்' என்னும் துறை இவ்விடத்தில்தான் பொருள் பெறுகிறது. கனடாவின் போக்குவரத்துத் துறையில் கார்டன் டூபாண்ட் என்பவர் 1990களின் தொடக்கத்தில், பராமரிப்புப் பிழைகளுக்கு வித்திடும் பன்னிரண்டு காரணங்களைத் தொகுத்தார். களைப்பு, கவனச் சிதறல், நெருக்கடி, அறிவுக் குறைவு, தகவல் பரிமாற்றக் குறைவு, துணிந்து சொல்லத் தயங்குதல் என்று அப்பட்டியல் நீள்கிறது. அவற்றுள் ஒன்று 'வழக்கம்'. கையேட்டில் இல்லாத, ஆனால் எல்லோரும் செய்வதால் எவர் கண்ணையும் உறுத்தாத நடைமுறை. துருவலை ஊதிவிட்டுப் போவதும், கற்றையின்மேல் கால் வைத்து ஏறுவதும் வழக்கமாகிவிட்டால், அவற்றைப் பிழை என்று சொல்பவர்தான் அங்கே அந்நியராகிப் போவார்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2007-ல் கொண்டுவந்த விதிகள், விமானத்தின் கம்பிகளையும் இணைப்பிகளையும் சேர்த்து ஒரு தனி அமைப்பாக அங்கீகரித்தன. கம்பிக்கென ஆய்வு முறையும், அதனருகே தூசு தங்காமல் காக்கும் பணியும் கட்டாயமாயின. அதுவரை இணைப்பாக மட்டுமே இருந்த ஒன்றுக்கு ஒரு பெயர் கிடைத்தது. பெயர் கிடைத்தபின் பொறுப்பாளரும் கிடைத்தார். அதற்கு முன் இரண்டு விபத்துகளிலுமாக 459 உயிர்கள் போயிருந்தன.

மீட்டுப் பொருத்திய டி.டபிள்யூ.ஏ. விமானத்தின் உடல், பின்னர் விர்ஜீனியாவிலுள்ள வாரியத்தின் பயிற்சி மையத்தில் விசாரணையாளர்களுக்குப் பாடநூலாக விளங்கிற்று. 2021-ல் அப்பணி நிறைவுற்றது. அதன்பின் அந்த உடல் அழிக்கப்பட்டது. மூல ஏடு போய்விட்டது. அதிலிருந்து எடுத்த படிகள் ஆய்வு விதிகளாகப் பராமரிப்புக் கொட்டகைகளில் இருக்கின்றன. பிழையின்றிப் படி எடுக்கும் பொறுப்பு, நடு இரவில் டார்ச் விளக்குடன் கற்றையின் முன் குனிந்து நிற்கும் தொழிலாளியுடையது. அவருக்குப் போதிய உறக்கமும் நேரமும் ஒப்புநோக்க ஓர் ஆளும் தரவேண்டிய மற்றவர்களுடையதும்தான்.