ஆறு மைல் எல்லை

வல்ல ஆட்டக்காரரையெல்லாம் ஒரே கழகம் வாரிக்கொண்டால் ஆட்டத்தில் சுவை ஏது? இங்கிலாந்தில் இக்கேள்வி 1884ஆம் ஆண்டிலேயே பெரும் வழக்காயிற்று. பிரெஸ்டன் கழகத்தை நடத்திய வில்லியம் சடெல் ஒரு பஞ்சாலை நிர்வாகி. ஸ்காட்லாந்து வீரர்களை வரவழைத்து, ஆலைகளில் வேலையும் தேடிக் கொடுத்தார். அப்டன் பார்க் கழகம் முறையிட்டது. சடெல் எதையும் மறைக்கவில்லை. பிரெஸ்டன் கிண்ணப் போட்டியினின்றும் விலக்கப்பட்டது.

வடபகுதிக் கழகங்கள் தனிச் சங்கம் காண முற்படவே, 1885 ஜூலையில் கால்பந்துச் சங்கம் இறங்கி வந்தது. ஊதியத்திற்கு ஆடலாம், ஆனால் கிண்ணப் போட்டியில் ஆடும் அத்தகையோர் மைதானத்திற்கு ஆறு மைலுக்குள் பிறந்திருத்தல் வேண்டும், அன்றேல் ஈராண்டு குடியிருந்திருத்தல் வேண்டும். ஸ்பிரிங்வெளி மலைச்சரிவில் ஆறு மைல் அரைநாள் நடை. ரயிலோடிய லங்காஷயரிலோ அற்பத் தூரம்.

பயன் யாது? ஆலையில் வேலை பெற்றவனுக்கு ஈராண்டு குடியிருப்பது அரிதன்று. காத்திருக்க வசதியற்ற சிறு கழகங்களையே விதி வருத்தியிருக்கும். 1888-89இல் பிரெஸ்டன் 22 லீக் ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்கவில்லை. கிண்ணத்தையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது. 1889இல் குடியிருப்பு விதி கைவிடப்பட்டது.

சடெலோ, ஆலைப் பணத்தைக் கையாடிய குற்றத்திற்காக 1895இல் மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அப்பணத்தில் ஒரு பகுதி கழகத்திற்கே செலவாகியிருந்தது.